விலகிய காரணம்

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்கம் வேண்டுமாம்,
நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா மலருக்கு.
"பள்ளி வரலாறு, சுருக்கமா எழுதித் தாரும்" என்றார்
தாளாளர் சுவாமி.
ஆயரின் ஆசியுரைக்கு அடுத்த பக்கம்;
அதற்கும் அடுத்தது குளச்சல் ஜவுளிக்கடை விளம்பரம்.

இருபத்தாறு வருஷமாக நான் இங்கே எழுத்தர்.
வரலாறு என்று எனக்குத் தெரிந்தது
சேர்க்கைப் பதிவேடு, ஒன்று முதல் முப்பத்தொன்று வரை,
பச்சை அலமாரி, அந்துருண்டை வாசம்.

முதல் ஏட்டில் கொல்லம் ஆண்டு, மலையாள எழுத்து.
கறையான் தின்றது போக மிஞ்சிய முதல் பையன்
சூசையடிமை. தகப்பன் தொழில்: கடல்.
கடைசிக் கட்டத்தில் விலகிய காரணம்: கரமடி.
அடுத்தவனுக்கு அம்மை.
அதற்கடுத்தவன் கொழும்பு.
இன்னொருவனுக்கு, "கேட்டால் சிரிக்கிறான்".
எழுதிய வாத்தியார் எவரோ,
அந்தக் கையை முத்தி செய்யத் தோன்றியது.

பள்ளியைத் தொடங்கியவர் வராந்தாவில் படமாகத் தொங்குகிறார்,
பெல்ஜியத்துச் சுவாமி, பழுப்புத் தாடி.
தமிழில் அவர் முதலில் கற்றது "நில்லு" என்பார்கள்.
பிள்ளைகள் நிற்கவில்லை.
ஏழாம் வருஷம் காய்ச்சலில் அவர் போனார்.
அவருடைய ஊரார் காசு சேர்த்து வார்த்தனுப்பிய மணி
கப்பலிலிருந்து வள்ளத்துக்கு இறங்கும்போது
நழுவி விழுந்ததாம்; மூன்று நாள் முக்குளித்து எடுத்தார்களாம்.
ஆகவே அதற்கு ஞானஸ்நானம் இரண்டு தடவை,
உப்பில் ஒன்று, தீர்த்தத்தில் ஒன்று.
ஞானப்பெயர் கபிரியேல்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில்
முதல் பெண்பிள்ளை. வியாகுலம். கொல்லம் 1106.
விலகிய காரணம்: வெற்றிடம்.
கட்டிக் கொடுத்துவிட்டார்களோ, காலராவோ என்று
நான்கு நாள் தேடினேன்.
சம்பளப் பட்டியலில் அகப்பட்டாள்:
மணி அடிக்கும் வகைக்கு மாதம் பதினான்கு சக்கரம்.
மற்ற வேலைக்காரர்களுக்குப் பெருவிரல் மை;
அவளுக்குக் கையெழுத்து,
'வி'யின் கொம்பு அடுத்த வரிவரை நீண்டு.
காலை, நண்பகல், அந்தி என்று நாற்பத்தோரு வருஷம்.
விலகினால்தானே காரணம்.

மலரில் போட முடியாத ஒன்றும் உண்டு.
ஒக்கிப் புயல் கழிந்த மார்கழியில்
இந்த மேசைமுன் வரிசை நின்றது.
அரசாங்கத்துக்கு வயசுச் சான்று வேண்டும்,
உடல் கிடைக்காதவர்களுக்கும்.
ஏட்டில் தார்சீஸ், ஆதாரில் தர்சியஸ்;
இருவரும் ஒரே ஆள்தான் என்று
கடல் கொண்டுபோனவனுக்கு நான் எழுதிக் கொடுத்தேன்.
அச்சடித்த படிவம் அது,
நடத்தை என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது.
பதினெட்டுத் தடவை எழுதினேன்:
நன்று. நன்று. நன்று.
பெயர்களை உரக்க வாசித்துச் சரிபார்ப்பது என் வழக்கம்.
ஒவ்வொரு பெயர் முடிவிலும் வரிசையிலிருந்து ஒரு குரல்
"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது,
பழக்கத்தில்.
யாரிடம் கேட்கிறாய் அம்மா?
ஒன்பதாம் வகுப்பில் மணிக்கயிற்றை அறுத்தவனிடமா?
கேட்கவில்லை நான். அடுத்த பெயரை வாசித்தேன்.

வியாழக்கிழமை பக்கங்களைக் கொடுத்தேன்.
சுவாமி சிவப்பு மையால் சக்கரக் கணக்கை அடித்தார்.
"மணியடிச்சவங்களுக்கெல்லாம் இடம் காணாது."
ஆசியுரை இரண்டு படத்தோடு நீண்டுவிட்டது.

பீரியடுக்கெல்லாம் இப்போது மின்சார மணி.
கபிரியேலுக்கு நண்பகல் மட்டும்.
மூன்று, மூன்று, மூன்று, பிறகு ஒன்பது.
எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்;
செபம் தெரியாத பிள்ளைகளும்
பசியில் கண்மூடி நிற்கிறார்கள்.
இன்று கயிறு பிடித்தவன் ஆறாம் வகுப்பு.
எண்ணிக்கை தவறிப் பத்து அடித்தான்.

கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை.